கேசரிக்கு என்னதான் வேண்டும்?

ராயபுரத்தில், ஷெர்லினின் வீட்டில் கேசரி என்றால் தின்கிற கேசரி இல்லை. அது ஆரஞ்சு நிறத்தில், பென்சில் தடிமனில், ஒரு குட்டிச் சோளப்பாம்பு. விஷம் கிடையாது. அப்பா முறைப்படி பதிவு செய்து வாங்கித் தந்தது.

ஐஸில் வைத்த எலிக்குட்டியை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் நீட்டினால் கேசரி கப்பென்று பிடிக்கும். இப்போதோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறது! போதாததற்கு உடம்பும் மங்கிப்போய், சில நாள் கண்கூட வெள்ளையாக இருந்தது.

“ஏட்டி, நம்மளால இதப் பாக்க முடியாது. சாயங்காலம் அபின் வந்து கொண்டுபோவட்டும்” என்று, சொந்த ஊர்ப் பேச்சு மாறாத அம்மா ரெஜினா சொல்லிவிட்டார்.

ஷெர்லினுக்கு அழுகை முட்டியது. அபின் அவளுடைய மாமா மகன். கேசரி மேல் அவனுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கண்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா கிண்ணத்தோடு வந்தார். “கொயந்த பட்டினியா கீதாமே? பால் குடு கண்ணு!”

“பாம்பு பால் குடிக்காதுக்கா.”

“அப்போ நெத்திலி எட்த்தாரட்டா? முட்ட?”

அந்தத் தெருவில் ஒருவர் சாப்பிடவில்லை என்றால் மற்ற யாருக்கும் இருப்புக் கொள்ளாது.

மாலை என்று சொன்ன அபின், மதியமே பெட்டியோடு வந்து நின்றான். “குட்த்துடு ஷெர்லின். வாயத் தொறந்து உள்ள தள்ளிட்டா மேட்டர் ஓவர்!”

“தொடாத!” ஷெர்லின் கத்தினாள். “எனக்கு ஜொரம் வந்தப்போ எல்லாரும் இட்லிய ஊட்டுனீங்களே, இன்னா ஆச்சு? அம்மா பொடவ மேலயே வாந்தி எடுத்தேன்!”

அம்மாவுக்கு அது நன்றாகவே நினைவிருந்தது. “கொஞ்சம் பொறு அபினு” என்றார்.

ஷெர்லின் கேசரியையே உற்றுப் பார்த்தாள். அது மூக்கைத் தன் கண்ணாடிப் பெட்டியின் வழவழப்பான சுவரில் தேய்த்தது. வழுக்கியது. மறுபடியும் தேய்த்தது.

“அதுக்குத் திங்க வேணாம், தேய்ச்சிக்க எதனா வேணும்!”

ஒரே ஓட்டமாகக் கீழே ஓடினாள். கீழேதான் அப்பாவின் கடை. படகுகளுக்கு விற்கிற தடித்த தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு துண்டை வாங்கி, தண்ணீரில் நனைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

கேசரி நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு சொரசொரப்பான கயிற்றில் மூக்கைத் தேய்த்தது. உதட்டோரம் கண்ணாடித்தாள் மாதிரி ஏதோ பிரிந்தது.

“ஐயோ, தோலு கயண்டுக்கினு வர்தே!” பச்சையம்மா அலறினார்.

“பயப்படாதீங்கக்கா, சட்ட உரிக்குது! அதான் இத்தன நாளா திங்கல. ஷ்ஷ்!” என்றாள் ஷெர்லின்.

நான்கு தலைகள் பெட்டியைச் சுற்றிக் குனிந்தன. சாக்ஸைக் கழற்றுவதுபோல் பழைய தோலைக் கயிற்றிலேயே விட்டுவிட்டு, கேசரி பளபளவென்று வெளியே வந்தது. அம்மாகூடக் கைதட்டிவிட்டார்!

ஷெர்லின் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். வெந்நீரில் இளக்கிய எலிக்குட்டியை இடுக்கியால் நீட்டினாள்.

லபக்!

“தின்னுடுச்சி! தின்னுடுச்சி!” சந்தோஷத்தில் அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கேசரி பயந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஆடினாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அபினைப் பார்த்தார். “நீ சாப்பிட்டியாலே?”

“இல்லத்தை.”

“மீன்கொழம்பு இருக்கு, வா. அந்தக் காலிப் பெட்டிய வாசல்ல வை. போவும்போது மறக்காம எடுத்துட்டுப் போ.”