வேப்பங்கொத்து வைத்த வண்டி

"ஐயோ... நிறுத்துங்கண்ணே... நிறுத்துங்க!"

குரல் பஸ்ஸுக்கு அடியிலிருந்து வந்தது. அமலிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று.

தொண்ணூற்றேழாம் வருஷத்துச் சித்திரை அது. தஞ்சாவூரில் சாமிதுரையின் பஸ் ஷெட்டில், எந்த வண்டி எந்த ஊருக்கு ஓட வேண்டும், எது பழுது பார்க்க நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது பூதலூர் அமலியின் புது வேலை. குடவாசல் வண்டி வழியில் படுத்துவிட்டதாகப் போன் வந்ததும், மாற்று வண்டி அனுப்ப ஓடினாள். சமயபுரம் போய் வந்த பஸ்களில் எல்லாம் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வண்டியின் ஸ்டியரிங்கிலும் ஒரு கொத்து. அதை எடுத்து எறிந்துவிட்டு, டிரைவர் காத்தானைக் கூப்பிட்டுக் கிளப்பச் சொன்னாள்.

இப்போது அடியிலிருந்து ஊர்ந்து வந்தான் ஒருவன். முகமெல்லாம் கிரீஸ். அந்தக் கறுப்புக்கு நடுவே, பயந்துபோன இரண்டு கண்கள்... அமலியால் பார்வையை எடுக்கவே முடியவில்லை.

"ஸ்டியரிங்ல கொத்து வச்சிருந்தேனே... யாரு எடுத்தது?"

"நான்தான்... சமயபுரத்து வேப்பிலைன்னு நெனச்சேன்."

"ஸ்டியரிங்ல இருந்தா அடியில ஆள் இருக்குன்னு அர்த்தங்க! வச்சவன்தான் எடுக்கணும். அதுவரைக்கும் முதலாளியே வந்தாலும் வண்டி நகராது."

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. பாழாய்ப்போன ரோஷம் முந்திக்கொண்டது.

"எனக்கு யாரும் சொல்லல. அடியில கிடக்கிறவர் ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

அமலி ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு உயிர்... இன்னும் கொஞ்சத்தில் போயிருக்குமே!

அவன் பெயர் கிளமென்ட். இதே ஷெட்டில் தொழில் கற்றவன். ஷார்ஜா ஏர்போர்ட்டில் விமானம் இழுக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். லீவில் வந்த இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. அதன்பிறகு தினமும் அவளைக் கண்டால், "மேடம்... அடியில ஆள் இருக்கு!" என்று குரல் கொடுப்பான்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு!" என்று முறைப்பாள். முறைத்துவிட்டுத் திரும்பினால் சிரிப்பு வந்துவிடும். ஆனால் மன்னிப்பு மட்டும்... கேட்கவே இல்லை.

ஒரு நாள் கோடை மழை கொட்டியது. ஷெட் ஓரம் ஒதுங்கி நின்ற கிளமென்ட் சாதாரணமாகச் சொன்னான்.

"லீவு முடிஞ்சிருச்சுங்க. நாளைக்கு ஃப்ளைட்."

அமலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன், மழை விடுவதற்கு முன்பே நனைந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாளும் தூறல். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக முதலாளியின் வேன் தயாராக நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு முன் கதவைத் திறந்த கிளமென்ட்டின் முகம் வெளுத்துப் போயிற்று. ஸ்டியரிங்கில் வேப்பங்கொத்து!

சட்டென்று மண்டியிட்டு அடியில் பார்த்தான்.

"யாரும் இல்லியே... யாரு வச்சது இது?"

"நான்தான்..."

தூறலில் நனைந்தபடி நின்றாள் அமலி.

"ஏங்க?"

"வண்டி போகக் கூடாதுன்னு... அன்னிக்கு உங்களக் கொன்னுருப்பேன். மன்னிப்புக்கூட கேக்கல. இப்ப நீங்க போறீங்கன்னதும் தாங்க முடியல. எனக்கு உங்கள... ரொம்பப் பிடிச்சிருக்கு."

கிளமென்ட் மெதுவாகச் சொன்னான்.

"வேலை முடிஞ்ச வண்டிக்கு அடியிலயும் படுத்துக் கிடந்திருக்கேங்க... நீங்க அந்தப் பக்கம் வருவீங்கன்னு."

"நேரமாச்சு தம்பி! கொத்தத் தூக்கிப் போட்டுட்டு ஏறு," என்றார் வேன் ஓட்ட வந்திருந்த காத்தான்.

"வச்சவங்கதாண்ணே எடுக்கணும்." அவன் கண்கள் அவளை விட்டு நகரவில்லை. "எடுங்க அமலி... நான் கெளம்புறேன்."

அமலி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன்."

கிளமென்ட் வேனிலிருந்து பெட்டியைக் கீழே இறக்கினான்.