சூடு இருக்கும் இடம்

குழாயின் உள்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

"ஐயா, கோபிச்சுக்கக் கூடாது," என்றார் பரிசோதகர். எந்நேரமும் லென்ஸும் கையுமாகத் திரிவதால் பட்டறையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். "உள்ளே வைக்கிற தண்டைத் துடைச்சது யாரு? வெறுங்கையால தொட்டிருக்காங்க."

"நான்தான் துடைச்சேன். கையுறை போட்டுத்தான் துடைச்சேன்."

"அப்ப உறைக்கே ரேகை முளைச்சிருக்கு." சிரிக்கப் பார்த்த பூதக்கண்ணாடி, முதலாளியின் முகத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

ஒட்டு இல்லாத குழாய் என்றால் அந்தக் குடும்பம்தான். மூன்று தலைமுறைப் பெயர். தகட்டை வளைத்துப் பற்றவைக்கிற வேலை அங்கே கிடையாது. நிக்கலை வாயுவாக்கி, பூட்டிய அறைக்குள் விடுவார்கள். உள்ளே ஓர் அலுமினியத் தண்டு சூடாக நிற்கும். கண்ணாடியில் மூச்சுப் படிவதுபோல் வாயுவிலிருந்து உலோகம் அதன்மேல் படியும். பிறகு காரக் கரைசலில் போட்டால் தண்டு கரைந்துபோகும், குழாய் மிஞ்சும். தண்டில் இருந்தது எதுவானாலும் குழாயின் உள்ளே அச்சாக இருக்கும். ஆகவே யாரும் அதை வெறுங்கையால் தொடமாட்டார்கள்.

எல்லோரும் போனபின் ஐயா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. மகளுக்கு ஏழு வயதில் குழாய் விளிம்பு கிழித்த தழும்பு அது. தன் கைக்குட்டையால்தான் அன்று அவர் கட்டுப் போட்டார்.

அந்த விரலுக்கு உரியவள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

அடுத்த குழாயில் நான்கு விரல்கள் இருந்தன. அதற்கடுத்ததில் உள்ளங்கை முழுதும். மெல்ல வைத்ததல்ல, ஊன்றி அழுத்தியது. இரண்டையும் காதும் காதும் வைத்த மாதிரி தானே அறுத்துத் துண்டாக்கினார். அறுக்கும்போது ரம்பம் இரண்டு முறை வழுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத பட்டறையில் அவரே ஒரு குழாய் போட்டார். இரட்டை உறை. புதுத் துணி. தண்டை மூன்று முறை துடைத்தார். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டி வாயுவைத் திறந்தார். கூரைத் தகட்டில் மழை ஒரே சீராக இரைந்தது; குழாய்களுக்குள் வாயு ஓடும் சீறல் அதற்கு அடியில், தூங்குகிற யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது; எண்ணெயும் ஈரச் சுவரும் கலந்த வாசத்துக்குள் எங்கோ புகைக்கரியின் நெடி ஓர் இழையாக வந்து வந்து போயிற்று. அந்த வாயுவின் வாசம் அது. மூக்குக்கு எட்டினால் ஏற்கெனவே தாமதம்.

மூன்று மாதத்துக்கு முன் அன்று மகளும் அதைத்தான் சொன்னாள். "அப்பா, கரி வாசம் வந்துச்சுப்பா. லேசா தலைவலி." சாயங்காலம் வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள். "உங்க வாக்கு தப்பல, போதுமா? இனிமே சிடுமூஞ்சியை மாத்துங்க," என்று கிண்டல்கூடச் செய்தாள். மறுநாள் இரவு மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் காலையில், காய்ச்சலில் கொதித்த அந்தக் கையை அவர் பிடித்துக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது.

வாயுவை நிறுத்தியபின் இரண்டு மணி நேரம் நைட்ரஜன் விட்டு அறையைக் கழுவவேண்டும். அன்று ஒரு குழாயை அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார் ஐயா. "அரை மணி போதும், திற," என்றார். அவள் திறந்தாள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், அவளாக அவசரப்பட்டுத் திறந்துவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டறையின் பெயர் நின்றது.

நான்கு மணிக்கு வாயுவை மூடி நைட்ரஜனைத் திறந்தார். சீறல் மாறியது. அரை மணி கழித்துப் பின்னால் குடை மடங்கும் சத்தம்.

மனைவி. "சாப்பிடக்கூட வரல. என்னதான் பண்றீங்க இங்க?"

"வேலை."

அவள் போகவில்லை. ஈரக் குடையைச் சுவரில் சாய்த்தாள். "ஒண்ணு கேக்கறேன். அவளா அவசரப்பட்டுட்டான்னு எழுதிக் குடுத்தீங்களே. பால் பொங்கற வரைக்கும் அடுப்பை விட்டு நகராம நின்ன பொண்ணுங்க அது. அவளா திறந்தா?"

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "அவளாத்தான் திறந்தா."

சொல்லிவிட்டு, மனைவியின் கண்ணைத் தவிர்க்க, கதவின் வட்டக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

தண்டு வெறுமையாக இருந்தது.

எட்டு மணி நேரம் வாயு ஓடியிருந்தது. சூடு சரியாக இருந்தது. தண்டில் ஒரு பொட்டு நிக்கல்கூட இல்லை. அத்தனை உலோகமும் எங்கே போயிற்று?

சூடு இருக்கும் இடத்தில்தான் அது படியும்.

உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் திறக்கக் கதவின் உள்பக்கமும் ஒரு சக்கரம் உண்டு. கண்ணாடிக்கு நேர் கீழே. அதன்மேல் ஒரு கை இருந்தது. வெள்ளிநிறம். ஒட்டில்லை. நகம், நரம்பு, மணிக்கட்டு. முழங்கைவரை வந்திருந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. கட்டைவிரலில் சாய்வாக ஒரு கோடு.

இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது அந்தக் கை. மூன்று மாதமாக.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" மனைவி அவரை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியில் முகம் வைத்தாள். "ஏங்க," என்றாள், குரலே எழாமல். "அது நம்ம பொண்ணு கை."

வெளிச் சக்கரத்தைப் பிடித்தாள்.

"திறக்காதே!"

"விடுங்க. என் பொண்ணு உள்ள இருக்கா."

"அரை மணிதான் ஆச்சு. விஷம். ரெண்டு மணி ஆகணும்டி, அரை மணி போதாது!"

அவள் கை அசையாமல் நின்றது. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை.

"இதை அன்னிக்கு அவகிட்ட சொன்னீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். மழை. சீறல். சுவர்க் கடிகாரம்.

கரி வாசம் வந்தது.

மனைவி அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சக்கரம் நகரத் தொடங்கியது. வெளியே அம்மாவின் கை. உள்ளே மகளின் கை. இரண்டும் ஒரே பக்கமாக, அவசரமே இல்லாமல், சுற்றிக்கொண்டிருந்தன.