கட்டிலுக்குக் கீழே விறகு

உலர உலர விறகு கனம் குறையவேண்டும். யோகமலர் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்த கட்டையோ, காட்டிலிருந்து தூக்கிவந்த அன்றைக்கு இருந்ததைவிடக் கனத்தது. அவள் அதைத் தரையில் போட்டாள். மரம் விழுந்த சத்தமே வரவில்லை; ஈரச் சாக்கைப் போட்டதுபோல் அமுங்கி அடங்கியது.

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே காட்டோரத்தில், அகதிகளுக்கென்று கொடுத்திருந்த பழைய ஒற்றையறை வீடு அது. எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் அவளும் புருஷன் பாலேந்திராவும் வந்து இறங்கியபோது, விறகடுப்பு ஒன்றுதான் குளிருக்குத் துணை. ஊரில் மாரிக்கு அடுப்பின் மேல் பரணில் ஈர விறகைக் காயப்போடுவார்கள். இங்கே பரணுக்கு எங்கே போவது? காட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் தறித்து வந்து, அடுப்போடு ஒட்டியிருந்த கட்டிலுக்குக் கீழே அடுக்கினாள். பக்கத்துப் பண்ணைக்கார இங்கர் அதைக் கண்டு முகம் சுளித்தாள். நிற்கிற பட்டமரத்தை எடு, கிடக்கிறதைத் தொடாதே, அதற்குள் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது என்று கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் சொன்னாள். குளிரில் விறைக்கிறவளுக்கு நின்றதென்ன, கிடந்ததென்ன? யோகமலர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் அடுக்கினாள்.

பிறகு இங்கர் வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது. ஊரில் பாலேந்திராவின் தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த பாலேந்திரா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். படுத்தவன் படுத்தவன்தான்.

விளக்கு வைக்கிற நேரம் படுக்கப்படாது என்று அவள் தினமும் சொல்லிப் பார்த்தாள். ஆனால் டென்மார்க்கின் மார்கழியில் எது விளக்கு வைக்கிற நேரம்? சூரியன் கடமைக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். மத்தியானச் சோறு ஆறுமுன்னே இருட்டிவிடும். நாள் முழுக்க அந்திதான், அவன் நாள் முழுக்கக் கிடந்தான்.

விறகில் முதலில் ஒரு காது முளைத்தது. மண்ணிறத்தில், ஈரமாய், மடலும் மடிப்புமாய் அசல் மனிதக் காதுபோல ஒரு காளான். கத்தியால் சீவி அடுப்பில் போட்டாள். மழைக்குப் பிறகு ஊரில் காளான் வறுக்கும் அதே வாசம் எழுந்தது, அவள் வாயில் எச்சில் ஊறியது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாய் இருந்தது. மறுநாள் சீவிய இடத்தில் கொத்தாக முளைத்திருந்தது.

அதைவிட அவளை உறுத்தியது வேறொன்று. பாலேந்திரா நாட்கணக்காகச் சாப்பிடவில்லை, ஆனால் மெலியவுமில்லை. கன்னம் உப்பியிருந்தது. தொட்டால் குளிர்ந்து மெத்தென்றிருந்தது.

நாளைக் காலை பொலிசில் அகதி விசாரணை. அவர்களை ஏற்றிப்போகக் கார் வரும். அவன் எழுந்து வந்து ஊரில் நடந்ததை வாய் திறந்து சொன்னால்தான் இந்த நாட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தம்பியைப் பிடித்த அதே ஊருக்கு. யோகமலர் வெளியே இழுத்த கட்டையைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, இன்றைக்கு எப்படியும் எழுப்பிவிடுவது என்று மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ."

போர்வைக்குள் ஏதோ சரசரத்தது. அவன் அசையவில்லை.

தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினாள். முடியவில்லை. கட்டையைத் தூக்கியபோது இருந்த அதே கனம். படுக்கை விரிப்பும் அவனோடு சேர்ந்து இழுபட்டது. மெழுகுதிரியைக் கட்டிலுக்குக் கீழே பிடித்துக் குனிந்தாள். விறகிலிருந்து வெள்ளை இழைகள் நூல்நூலாய் மேலே ஏறியிருந்தன. மெத்தையைத் துளைத்து. அவன் முதுகுவரை.

போர்வையை விலக்கினாள். பிடரி முழுக்கக் காதுகள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறி ஒரு சின்னச் சத்தம் தப்பியது. காதுகள் எல்லாம் மெதுவாக அவள் பக்கம் திரும்பின.

"நான் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறன்," என்றது அவன் குரல். அவன் உதடு அசையவில்லை. குரல் கட்டிலுக்குக் கீழேயிருந்து வந்தது. "நிண்டு களைச்சுப்போனாய் மலர். நீயும் கொஞ்சம் படு."

கதவுக்கு ஓடினாள். நிலையும் கதவும் ஊதி ஒன்றாகியிருந்தன. இடுக்கெல்லாம் வெள்ளை இழை. கத்தியால் கிழித்தாள், இழை மறுபடி கூடியது. சட்டத்தோடு இழை ஒட்டித் திறக்காத சன்னலை விறகால் அடித்தாள். விறகு பஞ்சாய் நசுங்கியது. இங்கர் நத்தார்ப் பண்டிகைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கத்தினால் கேட்க ஆளில்லை. இந்த அறையிலுள்ள காதுகளைத் தவிர.

உட்காரக்கூடாது, சாயக்கூடாது, கார் வரும்வரை நடக்கவேண்டும் என்று தனக்குத் தானே சொன்னாள். நடந்தாள். அடுப்பு அணைந்தது. மெழுகுதிரி கரைந்தது. அவள் பின்னும் நடந்தாள். இருட்டில் அந்தக் காளான் வாசம். அவளுக்குப் பசித்தது.

கார் வருகிறதா என்று கேட்க, ஒரே ஒரு தரம், கதவில் கன்னத்தை வைத்தாள்.

காலையில் சன்னல் சாம்பல் நிறமானது. கார்ச் சில்லுகள் பனியை நெரித்துக்கொண்டு வந்து நின்றன. யாரோ கதவைத் தட்டி, பாலேந்திராவின் பேரைத் தப்பும் தவறுமாய்க் கூப்பிட்டார்கள். யோகமலர் பதில் சொல்ல வாயெடுத்தாள். கன்னம் கதவைவிட்டு வரவில்லை. வாய் திறக்கவில்லை.

மறுபடி தட்டினார்கள். கட்டிலின் மேலும் கீழும் இருந்த காதுகள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பின. அவளுடையவையும் திரும்பின.