வீங்கிய எழுத்து

காலை எட்டு மணிக்கு அந்த ரீடர் செத்துவிட்டது உறுதியாயிற்று. மின்நூல் படிக்கிற கருவி அது, தம்பி மனைவியின் செல்லம். சாப்பாட்டு மேஜையில் முதுகு பிளந்து கிடந்தது. பழைய பஸ் பாஸால் நெம்பித் திறந்து, ஹேர் டிரையர் காட்டி, சார்ஜரும் மாட்டிப் பார்த்துவிட்டாள். அசையவில்லை. உள்ளே நீர்க்கறை.

பழி வீடு துடைக்கிற பெண் தலையில் விழுந்தது. நேற்று அலமாரியை ஈரத்துணியால் துடைத்தவள் அவள்தானே! “நாளையிலேர்ந்து வராதே” என்று சொல்லியாயிற்று. அவள் வாசலில் கண்கலங்கி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், இந்த வீட்டில் வெறும் அக்கா. பள்ளி வேன் ஓட்டும் தம்பி சாவியோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

“ஒரு நிமிஷம் உக்காருடா.”

அக்கா கருவியின் மேல் குனிந்தாள். பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

“நீ எப்ப வேலைக்கு வந்தே?” என்று வாசலில் நின்றவளைக் கேட்டாள்.

“நேத்துதாம்மா. அதுக்கு முன்னால ஒரு வாரம் லீவு.”

“கடைசியா எப்ப படிச்சே?” இது தம்பி மனைவியிடம்.

“போன வாரம்க்கா. அப்புறம் தொடவே நேரமில்ல.”

“களிம்பு ஒரே ராத்திரியில ஏறாது. இவ வர்றதுக்கு முன்னாடியே தண்ணி பட்டிருக்கு.”

அக்கா கருவியைத் திருப்பினாள். திரை நிறைய நாலே நாலு வார்த்தை, ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் அளவு.

“தண்ணியில எழுத்து வீங்கிடுச்சுக்கா” என்றாள் தம்பி மனைவி.

“வீங்கறதுக்கு ஊறப்போட்ட கடலையா? தண்ணி பட்டா கோடு விழும், கறை விழும். சார்ஜ் செத்தாலும் இந்தத் திரை கடைசிப் பக்கத்தை அப்படியே வச்சிருக்கும். யாரோ எழுத்தைப் பெருசு பண்ணிப் படிச்சிருக்காங்க. உன் கண்ணுல கோளாறு இல்ல. வீட்டுல இருக்கறது ரெண்டே பேர்.”

தம்பி ஒப்புக்கொண்டான்: “டம்ளரைக் கவனிக்கலக்கா. கை தட்டிடுச்சு. தொடச்சு அலமாரியில வச்சுட்டேன்.”

“கவனிக்கலையா, தெரியலையா?”

“தெரியல. மழைக்காலத்துக்கு முன்னாடியிருந்தே நடுவுல மங்கலா இருக்கு. படிக்க முடியுதான்னு தெனமும் பாப்பேன். எழுத்தைப் பெருசாக்கிட்டே போனேன்.”

“அதுக்காக இவ பொழப்புல மண்ணள்ளிப் போடுவியாடா?”

“சொன்னா வேன் போயிடும்க்கா. ரோடு எனக்கு மனப்பாடம்.”

“குறுக்க ஓடி வர்ற குழந்தை?”

தம்பி மனைவி எழுந்து போய், வாசலில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா கையை நீட்டினாள். தம்பி வேன் சாவியைக் கொடுத்தான். அது அவள் உள்ளங்கையில் படாமல், ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது.

எத்தனையோ பேரை ஒப்புக்கொள்ள வைத்தவள் அவள். இந்த ஒரு தடவை தன் கணக்கு தப்பியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.