முகி கக்கிய முடி

முகி கக்கிய முடியுருண்டையில் நீளமான கறுப்பு முடி ஒன்று சுற்றிக்கிடந்தது. பூனை கக்குவது புதிதல்ல. உடம்பை நக்கி நக்கி விழுங்கிய ரோமம் வயிற்றில் சேர்ந்தால், தொட்டியில் வளர்க்கும் கோதுமைப்புல்லைக் கடித்துத் தின்று வெளியே தள்ளிவிடும். ஆனால் முகியின் ரோமம் வைக்கோல் நிறம். சுமியேயின் தலையோ காதளவு கத்தரித்த நரை. அந்த வீட்டில் மூன்றாவது தலை கிடையாது.

மகள் மினோரிக்குத்தான் இடுப்புவரை கறுப்பு முடி இருந்தது. சின்னவளாக இருக்கும்போது சீப்பை எடுத்தாலே, "வலிக்குதும்மா, மெதுவா!" என்று தலையை இழுத்துக்கொள்வாள். வளர்ந்தபின் அவள் படுத்திருக்க, முகி தலைமாட்டில் உட்கார்ந்து நாக்காலேயே அந்த முடியைச் சீவிவிடும். போன குளிர்காலத்தில் புற்றுநோய் மருந்து ஏற ஏற எல்லாம் கொட்டிப்போயிற்று. மொட்டைத் தலையோடுதான் மகளை நெருப்புக்குக் கொடுத்தாள் சுமியே. சாம்பலிலிருந்து நீளக் குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கி ஜாடியில் இட்ட அதே கை இப்போது அந்த முடியை உருவி எடுத்தது. ஈரமாக இருந்தது. மினோரியின் ஷாம்பு வாசம் அடித்தது. பயப்பட்டிருக்க வேண்டும். பெற்ற வயிறு எங்கே பயப்படுகிறது! கழுவி, வெள்ளைத் துணி கட்டிய எலும்பு ஜாடிக்கு முன்னால் வைத்துவிட்டு, இன்னும் இரண்டு தொட்டிகளில் கோதுமை விதைத்தாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பாய்களில் பூஞ்சை வாடை ஏறி, ஓட்டிலிருந்து சொட்டும் நீர் முற்றத்து வாளியில் விழுந்துகொண்டிருக்கும் அந்தி வேளைகளில், மினோரியின் அறையில் ஜாடி இருக்கும் மூலையிலிருந்து ஓர் ஓசை கேட்கும். சர்... சர்... சொரசொரப்பான நாக்கு எதையோ நிதானமாக நீவிவிடும் ஓசை. காகிதக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சுமியே கேட்டுக்கொண்டிருப்பாள். கதவைத் திறந்தால் நின்றுவிடுமோ என்ற பயம் ஒன்றுதான் அவளுக்கு.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கினுகோ கையில் பூங்கொத்தோடு வந்தாள்.

"ஐயோ அக்கா, லில்லியா! வாசல்லயே வைங்க. அந்தப் பூவோட தூள் பட்டாலே பூனைக்கு எமன்."

"நல்ல கூத்து! இனிமே பூனைகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் வரணும் போல."

"மினோரி போட்ட சட்டம்க்கா. கோதுமைப்புல், துளசி, கொத்தமல்லி... பூனை தின்னாலும் கெடுதல் பண்ணாத செடிதான் இந்த வீட்டுல இருக்கணும்னு சொல்லுவா. 'முகிய நல்லா பாத்துக்கோம்மா'ன்னுதான் கடைசியா பேசினா."

கினுகோ முகியைத் தூக்கினாள். சிரிப்பு போயிற்று. "என்னடி இது, எலும்பும் தோலுமா இருக்கு? நல்லா பாத்துக்கற லட்சணமா இது?"

முகி அவள் மடியிலேயே ஓங்கரித்தது. வாயோரம் கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. கினுகோ பிடித்து இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முகி கண் செருகிக் கிடந்தது.

கினுகோ முடியைக் கீழே போட்டுவிட்டு, ஜாடி இருக்கும் அறைப்பக்கம் திரும்பினாள். "எலும்பைக் கல்லறையில சேர்க்கவேண்டிய நாள் எப்பவோ போயிடுச்சு சுமியே. போறவளப் புடிச்சு வச்சா, இருக்கறதையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தான் போவா. குடுத்துடு."

"என்னால முடியாதுக்கா."

"அப்ப பூனையைக் குடு. அதாவது பொழைக்கட்டும்."

சுமியே முகியைக் கூடையில் வைத்தாள். கூடவே ஒரு புல்தொட்டியும் கொடுத்தாள். முகி திரும்பிப் பார்த்துக் கத்தியது. மகளுக்குக் கொடுத்த வாக்கை மகளுக்காகவே உடைத்த பாவி அவள், தெரிந்தேதான் உடைத்தாள்.

அன்று அந்தியில் ஓசை வரவில்லை. பூனையோடு மகளும் போய்விட்டாளா? ஜாடியைக் கட்டிக்கொண்டு, "போயிட்டியாடி, போயிட்டியா" என்று அழுது அழுது அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் மிச்சத் தொட்டிகளில் புல் குட்டையாகி இருந்தது. நுனிகள் மழுங்கக் கடிபட்டிருந்தன. மழையில் சாய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வாயெல்லாம் பச்சையாகக் கசந்தது. கொப்பளித்துத் துப்பினாள். கசப்பு போகவில்லை.

பகல் முழுக்க மழை. மதியத்துக்கு மேல் வீடு இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கம்போலக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். கண் சொக்கியது.

சர்... சர்...

வந்துவிட்டாள்!  சுமியே காதைத் தீட்டினாள்.

சர்... சர்...

இன்று ஓசை பக்கத்தில் கேட்டது. மிகப் பக்கத்தில்.

கண்ணைத் திறந்தாள்.

கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் மினோரியின் அறைக்குள்ளே மண்டியிட்டிருந்தாள். வெள்ளைத் துணி அவிழ்ந்து கிடந்தது. ஜாடி மூடியின் இடுக்கிலிருந்து கறுப்பு முடி வழிந்து பாயெங்கும் பரவியிருந்தது. பாதி சிக்கு. பாதி ஈரமாக, நேராக, அழகாகச் சீவப்பட்டு.

ஓசை நின்றது. அவள் நாக்கு நின்றதால்.

தொண்டையில் ஏதோ அடைத்தது. விரலை விட்டாள். முடி. இழுத்தாள். வந்தது. பிறகு வரவில்லை. விறைத்துக்கொண்டது. அதன் மறுமுனை மூடிக்குள் இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு சின்ன இழுப்பு. தலையை இழுத்துக்கொள்ளும் குழந்தையின் இழுப்பு.

"வலிக்குதாம்மா?" என்றாள் சுமியே. கண்ணீர் கொட்டியது. "அம்மா மெதுவா பண்றேன். மெதுவா."

முடி தளரட்டும் என்று கொஞ்சம் விழுங்கினாள். முகம் ஜாடிப்பக்கம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் விழுங்கினாள்.

மூடி தானாகத் திறந்து வழிவிட்டது.