மூன்றாம் தூணின் கண்ணாடி

ஆல்டர்க்ளஃப் நகரத்தாருக்கும், சுற்றியுள்ள மேடுகளில் மேயும் ஆடுகளுக்கும், இனிப் பிறக்கவிருக்கும் சகல தலைமுறையினருக்கும் உறுதி கூறப்படுகிறது: சந்தைச் சதுக்கத்தில் விக்டோரியா மகாராணி காலத்தில் எழும்பிய வங்கிக் கட்டடம் அசையவில்லை, அசையாது, அசையும் உத்தேசமும் அதற்கில்லை.

ஆடுகளை நீக்கிவிட்டால், இது பழங்கட்டட ஆலோசகர் ரெஜினால்ட் பிக்கர்ஸ்கில் தம் அறிக்கையில் எழுதியதுதான். அதனால்தான் ஜனவரி மாதத்தின் மங்கிய மாலை மூன்றரை மணிக்கு, மூன்றாம் தூணின் முன் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடி முழுசாக இருந்தது. தேதிதான் சரியில்லை.

சுவரில் விரிசல் கண்டால் விரல் நீளக் கண்ணாடித் துண்டை அதன் குறுக்கே ஒட்டித் தேதி எழுதிவிடுவது அவர் தொழிலின் வழக்கம். கட்டடம் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மார்ச் நான்காம் தேதி அவர் ஒட்டியது அக்டோபர் பதினேழில் உடைந்து கிடந்தது. உண்மையைச் சொன்னால் கட்டடத்தைப் பூட்ட வேண்டும். மூன்று அறிக்கைகளையும் ஒரு சொற்பொழிவையும் விழுங்க வேண்டும். பிக்கர்ஸ்கில் சில்லுகளைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு, புதுக் கண்ணாடி ஒட்டி, 'மார்ச் 4' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

இப்போது அதில், அவர் கையெழுத்திலேயே, 'அக்டோபர் 17' என்றிருந்தது.

"தூணுக்கு நாடி பாக்குறியா கண்ணு?" அந்தப் பழைய வங்கியில் அன்று திறக்கவிருந்த மதுக்கடையின் முதலாளியம்மா டோரின், பச்சை உடுப்பில், கோப்பைகளைத் துடைத்தபடியே கேட்டாள். "பொழைச்சுக்குமா?"

"வழக்கமான பரிசோதனைதாங்க."

"சட்டுனு முடி. ஆறு மணிக்குத் திறப்பு. தேவாலயப் பாட்டுக்குழு மொத்தமும் வருது. எங்கம்மா சக்கர நாற்காலியோட வர்றாங்க. நீ சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டாத்தான் கதவைத் திறக்க விடுவாங்களாம். பன்றிக்கறிப் பணியாரம் இருக்கு, எடுத்துக்கோ."

அவள் பின்கட்டுக்குப் போனாள். கூடம் பெரிதானதுபோல் இருந்தது. ஊரார் பார்த்து மிரண்டு சேமிப்பைக் கொண்டுவந்து போட வேண்டும் என்பதற்காகவே எழுப்பிய கண்ணாடிக் குவிமாடமும், அதைத் தாங்கும் எட்டுத் தூண்களும், பளிங்குபோல் வண்ணம் தீட்டிய அவற்றின் வெறும் சுண்ணச்சாந்து மேனியும், சாயும் வெளிச்சத்தில் இறைச்சியின் நிறத்துக்கு மாறின. ஈரச் சுண்ணாம்பும் பழைய மெழுகும் கலந்த வாடைக்கு அடியில், நெரிசலில் நனைந்து நிற்கும் கம்பளிக் கோட்டுகளின் வாடை எங்கிருந்தோ கசிந்தது. கூடத்தில் ஒருவருமில்லை.

எச்சில் தொட்டுத் தேதியைத் துடைத்தார். அழிந்தது. கண்ணை இமைத்தார். 'அக்டோபர் 17.'

தூணுக்கு உள்ளே இரும்புக் கம்பம், அதைச் சுற்றிக் காற்று, அதற்கு மேல் சாந்து. தட்டினால் காலிப் பீப்பாய்போல் ஒலிக்கும். இருநூறு முறை தட்டியிருக்கிறார். விரல் முட்டியால் தட்டினார்.

ஒலிக்கவில்லை. தூண் நிறைந்திருந்தது.

மறுபடி தட்டினார். உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக. இன்னொருவர். கீழே, முழங்கால் உயரத்தில், இன்னொருவர், உட்கார்ந்திருப்பவர்போல.

கண்ணாடி உடைந்தது. சத்தமே இல்லை.

விரிசல் இரண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்தது. பார்க்கக் கூடாது. பார்த்தார்.

நின்றுகொண்டிருந்தார்கள். நெஞ்சோடு நெஞ்சாக. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசு. விருந்துக்கு உடுத்திய உடுப்புகள். ஒருவர் கையில் பாட்டுத்தாள். மடங்கிய சக்கரம் ஒன்று. அதன்மேல் சாய்ந்து, பச்சை உடுப்பில், டோரின். அவளுடைய வாய் திறந்தது. சுண்ணாம்பு கொட்டியது.

"என்ன கண்ணு, தூணுக்கு முத்தம் குடுக்குற மாதிரி நிக்கிற?"

குரல் முதுகுக்குப் பின்னால். திரும்பினார். டோரின் காகிதத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றாள். உதட்டில் புதுச் சாயம்.

"இங்க போடு. ஏதாச்சும் கோளாறா? கோளாறுன்னா இப்பவே சொல்லு. வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடலாம், எனக்கொண்ணும் மானம் போயிடாது."

எனக்குப் போய்விடுமே, என்று நினைத்துக்கொண்டார் பிக்கர்ஸ்கில்.

ஒரே சொல் போதும். அசைகிறது. நாக்கின் நுனிவரை வந்தது. விரிசலுக்குள் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. காத்திருந்தன. அடுத்த வாரச் சொற்பொழிவு அவருக்கு நினைவு வந்தது. வரலாற்றுக் கழகம். முன்வரிசை.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் பிக்கர்ஸ்கில்.

கையெழுத்துப் போட்டார். அழகாகவே வந்தது.

தூணுக்குள் இருந்த டோரின் அவரையே பார்த்தாள். பிறகு, தூசு படிந்த இமைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டாள்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. முதல் கோப்பை இலவசம்.