கீழே இருந்து எண் சொன்னவர்

பொறுமைக்கு ஒரு மனிதனை உதாரணம் காட்டு என்று கேட்டால், கல்முனைக்குடி ஒரே குரலில் ஜவாத் மாஸ்டரைத்தான் காட்டும். பாரிசவாதம் வந்து படுத்த மனைவி ஸுலைஹாவை, மகள் கட்டாரிலிருந்து ஏற்பாடு செய்த வேலைக்காரியைக்கூட வேண்டாமென்று திருப்பியனுப்பிவிட்டு, பதினான்கு மாதமாகத் தன் கையாலேயே துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கிற மனிதர் அவர். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நாலு பேராவது அதைச் சொல்லிக் கையைப் பிடிப்பார்கள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொள்வார், ஒரு சொல்லையும் தவறவிடமாட்டார். அந்தப் பொறுமையின் சிகரம் வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் நின்று ஒரு டிஷ்ஷைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டிருந்தது.

"முப்பத்தெட்டு," என்றது கீழே இருந்து குரல்.

மாஸ்டர் டிஷ்ஷை ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளினார்.

"முப்பத்தாறு."

இடப்பக்கம் இழுத்தார்.

"நாப்பத்தொண்டு."

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. அரை மணி நேரமாக ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் "மாமா" என்று ஒட்டிக்கொண்டிருந்த தங்கை மகன் பஸால், இப்போது வெறும் எண்ணை மட்டும் சொன்னான்.

களைத்திருப்பான் என்று நினைத்தார். களைப்பைப் பற்றி மாஸ்டருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் நாள் இரவு மூன்று தரம் எழும்பியிருந்தார். முழங்கால் முதற்கொண்டு இடுப்பு வரை பழைய கதவுப் பிணைச்சல் மாதிரிக் கிறீச்சிட்டது. கண்ணை மூடினால் நின்றபடியே தூங்கிவிடலாம்.

பஸாலுக்கு நாற்பது வயது. கடைத்தெருவில் டிஷ் பூட்டிக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறான், அவன் பூட்டாத கூரை அந்தப் பக்கத்தில் குறைவு. இந்த வேலையையும் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் மாஸ்டர் ரிசீவர் தெரிவு செய்யவே மூன்று வாரம் எடுத்தவர். வரைபுத் தாளில் கோடு போட்டு, ஐந்து பெட்டிகளின் குணாதிசயங்களை நிரல்படுத்தி, மாதக் கட்டணம் கட்டும் பெட்டி எது, கட்டாமல் பார்க்கும் பெட்டி எது என்று நிறம் தீட்டி வைத்திருந்தார்.

"மாமா, எந்தப் பெட்டிய வாங்கினாலும் வானத்துல இருந்து வாறது ஒண்டுதான்," என்று பஸால் சொல்லிப் பார்த்தான்.

"நீ வியாபாரி. நான் முப்பத்தொரு வருஷம் பௌதிகம் படிப்பிச்சவன்."

"சரி, மேல நான் ஏறுறன். கையில வெச்சிப் பாக்குற மீட்டர் இரிக்கி, சிக்னல் வந்தா கீச்செண்டு கத்தும்."

"கத்துறதுல எனக்கு நம்பிக்கையில்ல. எனக்கு எண் வேணும். நீ கீழ இரிந்து திரையில வாற சிக்னல் வீதத்தச் சொல்லு. கோணத்த நான் பாத்துக்குவன்."

அப்படித்தான் பெரியவர் மேலேயும் தெரிந்தவர் கீழேயுமாக வேலை ஆரம்பமானது.

எதற்கு இந்த டிஷ் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாஸ்டரிடம் ஒரே பதில் இருந்தது. "மக்காவ இரவு பகலாக் காட்டுற சனல் ஒண்டு இரிக்காம். படுத்த படுக்கையில அவ அதப் பாக்கட்டும்." இதைக் கேட்டுப் பஸாலுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மை அதைவிடச் சின்னது. ஸுலைஹாவின் உடம்பில் மிச்சமிருந்தது கண்கள் மட்டும்தான். அந்தக் கண்கள் அவர் அறைக்குள் வந்தால் வாசலிலிருந்து தொடங்கும், அலுமாரி வரைக்கும் போகும், திரும்பி வரும், அவர் சோறு தின்னும்போது கோப்பையில் வந்து குந்திக்கொள்ளும். ஒரு தரம் இமைத்தால் ஓம், இரண்டு தரம் இமைத்தால் இல்லை என்று மாஸ்டர் ஓர் ஏற்பாடு கண்டுபிடித்திருந்தார். அதையும் ஊர் புகழ்ந்தது. புகழ்ந்து முடிந்த பிறகு கேள்வி கேட்பதை அவர் மெதுவாக விட்டுவிட்டார். ஓம் என்றால் எழும்ப வேண்டும். அந்தக் கண்களுக்குப் பார்க்க வேறேதாவது கிடைத்தால் போதும். அரை மணித்தியாலம். அவ்வளவுதான் அவர் வானத்திடம் கேட்டது.

"நாப்பத்தேழு," என்றது கீழே.

வெயில் சரிந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் கருவாட்டு வாடையும், எங்கோ பொரிக்கும் வெங்காயத்தின் மணமும், திறந்திருந்த படிக்கட்டுக் கதவு வழியாக மேலேறி வந்த டெட்டோல் நெடியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. ஸுலைஹாவின் காற்று மெத்தைக்கு ஊதும் சின்ன மோட்டரின் ரீங்காரம் கொங்கிறீட்டைத் துளைத்துக்கொண்டு அவரது உள்ளங்காலுக்கு வந்தது. அந்தச் சத்தத்தோடு பதினான்கு மாதம் வாழ்ந்து, அது இருப்பதையே மறந்துபோயிருந்தார். இப்போது ஏனோ கேட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. பார்த்தார். பஸால்.

"மாமா, கனெக்டர் திருகுறதா, அழுத்துறதா? ரெண்டு சாதியும் இரிக்கி."

"நீ எங்க நிக்கிற?"

"கடையிலதான். கனெக்டர் போதாது, எடுத்துட்டு வாறனெண்டு படிக்கட்டுல நிண்டு கத்திச் சொல்லிட்டுத்தானே வந்த. நீங்களும் ஓமெண்டீங்களே?"

ஓமென்றது மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. எதற்கு ஓமென்றார் என்பது ஞாபகம் இல்லை.

"எப்ப போன?"

"கால் மணித்தியாலம் இரிக்கும். ஏன் மாமா?"

"நாப்பத்தெட்டு," என்றது கீழே.

போனுக்குள் பஸால் சிரித்தான். "அதாரு மாமா நம்பர் சொல்ற? என்ன விடத் தெளிவாச் சொல்றாங்களே! நல்ல ஆளப் புடிச்சிட்டீங்க. அவங்களுக்கு ஒரு பிளேன்டி ஊத்திக் குடுங்க. நான் இஞ்சயே மஃரிபத் தொழுதுட்டு வாறன்."

போன் துண்டித்தது. மாஸ்டரின் இடது கை அதைப் பிடித்தபடி இருந்தது. வலது கை சாரத்தைப் பிடித்திருந்தது. டிஷ்ஷை எந்தக் கையும் தொட்டிருக்கவில்லை.

முதலில் அவருக்கு வந்தது பயமல்ல. ஸுலைஹா பேசிவிட்டாள் என்றுதான் நினைத்தார். வேறு யார் இருக்கிறார்கள் வீட்டில்? வாய் திறந்துவிட்டது. படிக்கட்டுப் பக்கம் நடந்த அந்தப் பத்து அடிக்குள், நாளைய ஜும்ஆவில் இதை எப்படி ஆரம்பிப்பது என்பதைக்கூட அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். தானாகச் சொல்லக் கூடாது, யாராவது கேட்க வேண்டும்.

கீழே அறை அரை இருட்டாக இருந்தது. தொலைக்காட்சியில் நீலத் திரை, அதன் நடுவில் ஒரு மஞ்சள் கோடு, பக்கத்தில் 48. தொலைக்காட்சிக்கு முன்னால் பஸால் போட்டு உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கதிரை அங்கே இல்லை. அது கட்டிலின் தலைமாட்டுக்கு வந்திருந்தது. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போட்டுக்கொள்வதுபோல, நெருக்கமாக.

ஸுலைஹாவின் வாய் எப்போதும்போல ஒரு பக்கம் கோணி மூடியிருந்தது. அவர் உள்ளே வந்தும் அவளது கண்கள் அவரிடம் வரவில்லை. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக.

"ஸுலைஹா," என்றார். கேள்வி கேட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் தொண்டை கரகரத்தது. "நீயா கதைச்ச?"

கண்கள் மெதுவாக அவரிடம் வந்தன. இரண்டு தரம் இமைத்தாள்.

"ஆராச்சும் வந்தாங்களா?"

ஒரு தரம்.

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. பக்கத்து வீட்டு றுஸ்தாவாக இருக்கும். வந்து, பார்த்து, விளையாட்டுக்கு எண்ணையும் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அந்தக் குரல் பெண் குரலா என்று யோசித்தார். சொல்ல முடியவில்லை. ஆண் குரல் என்றும் சொல்ல முடியவில்லை. கீழே இருந்து வந்த குரல், அவ்வளவுதான்.

"றுஸ்தாவா?"

இரண்டு தரம்.

"சரி, ஆரோ. போயிட்டாங்கதானே?"

அவள் இமைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். மெத்தை மோட்டர் ஒரு சுற்று ஊதி நின்று, மறுபடி தொடங்கியது. பிறகு ஒரு இமைப்பு. அவர் பொறுத்தார்.

இன்னொன்று.

"இப்ப... இந்த அறைக்குள்ளயா?"

ஒரு தரம்.

அவளது கண்கள் அவர் முகத்தை விட்டுச் சற்று நகர்ந்தன. தூரமில்லை. அவருடைய இடது காதுக்கு ஒரு சாண் பின்னால் போய் நின்றன. கண்ணோரத்தில் நீர் திரண்டு, துடைக்க ஆளில்லாமல், காதுப் பக்கம் இறங்கியது.

பரிசோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்று முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொடுத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கழுத்தில் காற்றுப் பட்டது. குளிரில்லை. சூடில்லை. ஈரமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க," என்றது குரல். மரியாதையாக. களைப்பாக. நெடுநேரம் ஒருவர் பக்கத்தில் காத்திருந்தவரின் களைப்பு.

ஸுலைஹா இமைத்தாள். இரண்டு தரம். மறுபடி இரண்டு தரம். மறுபடி. மறுபடி.

மாஸ்டர் ஓடவில்லை. நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பதினேழு படிகளில் ஒன்பதில் மட்டுமே கால் பட்டது.

மேலே வெளிச்சம் தேய்ந்துவிட்டது. பஸாலுக்கு எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. தொழுகைக்குச் சத்தத்தைக் குறைத்திருப்பான். மறுபடி எடுத்தார். அப்போது எல்லாப் பள்ளிவாசல்களிலிருந்தும் மஃரிபுடைய பாங்கு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு கிளம்பியது. கீழே ஒழுங்கையில் ஆட்கள் தொப்பியைச் சரிசெய்தபடி வேகமாகப் போனார்கள். தினமும் அவருக்கு ஸலாம் சொல்கிற ஆட்கள். கத்தலாம். ஒரு சத்தம் போட்டால் பத்துப்பேர் வீட்டுக்குள் பாய்வார்கள்.

பாய்ந்து வந்து என்ன கேட்பார்கள்?

மாஸ்டர், அவங்க கீழ. நீங்க ஏன் மேல?

வாயைத் திறந்தார். அபுல் ஹஸன் ஹாஜியார் அண்ணாந்து பார்த்து, "என்ன மாஸ்டர், படம் வந்துட்டா?" என்று கேட்டார்.

"வந்துகொண்டிரிக்கி, ஹாஜியார்," என்றார் ஜவாத் மாஸ்டர்.

ஹாஜியார் நின்றார். "அந்த மனிசிக்காக நீங்க படுற பாட்டுக்குக் கூலி அங்கதான் மாஸ்டர்." விரலை வானத்தை நோக்கி உயர்த்திவிட்டுப் போனார். ஒழுங்கை காலியானது.

பாங்கு ஓய்ந்தது. காற்றும் ஓய்ந்தது.

"அம்பத்திரெண்டு," என்றது கீழே.

டிஷ்ஷை விட்டு விலகி நின்றார். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார்.

"அறுவது."

டிஷ் அசையவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அசையவில்லை.

"எழுவத்தஞ்சி."

வயரைப் பிடுங்க வேண்டும். கிட்டப் போக வேண்டும். கால் போகவில்லை.

"எண்பத்தெட்டு."

குரலில் இப்போது களைப்பில்லை.

"தொண்ணூத்தாறு."

பிறகு, கூரை கூரையாகப் பஸால் காலமெல்லாம் கத்துகிற அதே சொல்லை, அதே இழுப்பில்:

"வந்துட்டூ..."

கீழே அறையின் ஜன்னல் வழியாக வெளிச்சம் பாய்ந்தது. எதிரே, புதிதாய் வெள்ளையடித்த மதில் பளிச்சென்று தெரிந்தது. மாஸ்டர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். ஒளி நேர்கோட்டில் செல்லும். இடையில் பொருள் இருந்தால் நிழல் விழும். தொலைக்காட்சி ஒரு சுவரில், ஜன்னல் எதிர்ச் சுவரில், கட்டில் நடுவில். படுத்திருப்பவரின் நிழல் ஜன்னல் விளிம்புக்கு மேலே வராது. இத்தனை நாளும் வந்ததில்லை.

மதிலில் ஒரு தலை எழும்பியது.

மெதுவாக. தானாக எழும்பிய தலை அல்ல, எழுப்பப்பட்ட தலை. அதன் பிடரியில் ஒரு கை இருந்தது. கை நீளமாக இருந்தது. பிறகும் நீளமாகிக்கொண்டிருந்தது. கையின் மறு முனையில் இன்னொரு தலை, கதிரையில் இருக்கும் உயரத்தில். அது ஸுலைஹாவின் தலைக்குப் பின்னால் தலையணையை வைத்தது. முந்தானையைச் சரிசெய்தது. அவள் கண்ணோரத்தை விரலால் துடைத்தது. எல்லாவற்றையும் அவசரமில்லாமல், முகம் சுளிக்காமல், அவர் ஒருநாளும் செய்யாத பக்குவத்தோடு செய்தது. பிறகு அவளது தலையைத் திரையின் பக்கம் நேராக்கிப் பிடித்துக்கொண்டது.

இரண்டு தலைகளும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் மட்டும் மாறி மாறித் துடித்தது. சத்தமே இல்லை.

படிக்கட்டுக் கதவில் கொண்டி போட்டிருந்தது. மேல் பக்கத்திலிருந்து போட்டவர் ஜவாத் மாஸ்டர்.